வேலிக்கு மேலால் வந்த ஓலை

காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு வீட்டின் பின்பக்கம், கோடிப்புறத்துக் கதிரையில் இருந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு தென்னோலை எழும்பி வந்தது. காற்றில் ஒரு தரம் பிரண்டு, என் காலடியில் சளார் என்று விழுந்தது. தேத்தண்ணியில் பாதி நான் கட்டியிருந்த சாரத்தில்.

ஓலையைப் பார்த்தேன். முந்தின நாள் நாங்கள் எறிந்த அதே ஓலை. அடிமட்டையில் என் மனைவி பாக்கியம் முடிந்துவிட்ட சிவப்புச் சீலைத் துண்டு அவிழ்க்காமல் அப்படியே இருந்தது.

"அக்கா! உங்கட குப்பையை உங்கட வளவுக்கை வைச்சிருங்கோ!"

வேலிக்கு அங்காலே தங்கராசாவின் குரல். பாக்கியத்தின் கூடப்பிறந்த தம்பி அவன்.

பாக்கியம் குசினிக்குள் இருந்து அகப்பையும் கையுமாக வந்தாள். என்னையும் பார்க்கவில்லை, வேலியையும் பார்க்கவில்லை. ஓலையைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தை உற்றுப் பார்த்தாள். அகப்பையை என்னிடம் தந்துவிட்டு, ஓலையை இரண்டு கையாலும் தூக்கி வேலிக்கு மேலால் எறிந்தாள்.

"குப்பை இல்லையடா! மருந்து!"

பிறகு ஓலை திரும்பி வந்தது.

வெளியூர்க்காரருக்கு இது சிரிப்பாக இருக்கலாம். எங்கள் தீவில் அடுத்தவன் வீட்டு வளவுக்குள் ஒரு ஓலையை எறிவது அவன் கன்னத்தில் அறைவதற்குச் சமம். வேலிக் கதியால் ஒன்றை ஒரு சாண் தள்ளி நட்டதற்காக, செத்த வீட்டுக்கும் போகாமல் இருந்த சகோதரங்களை எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஊரில், அறுபது தாண்டிய ஒருத்தி தன் தம்பியின் வளவுக்குள் ஒவ்வொரு காலையும் ஓலை எறிந்தாள் என்றால், அது ஏன் என்று முதலில் இருந்து சொல்ல வேண்டும்.

போன கிழமை எழுதின கதையில், கடலுக்கு நடுவே போகிற மண்டைதீவுத் தாம்போதியில் ஒரு பஸ்ஸை நடுவழியில் நிற்பாட்டிவிட்டு வந்துவிட்டேன். அது அங்கேயே நிற்கட்டும். கடல் காற்று நல்லது, ஆட்கள் இறங்கி நிற்பார்கள். என் மனம் இந்தக் கிழமை கிணத்தடியை விட்டு அசையமாட்டேன் என்கிறது.

கயிறு ஒட்டின காலை

எங்கள் நாரந்தனையில் கிணறு தோண்டினால் தண்ணி வரும். அதைக் குடிக்க ஏலுமா என்பது வேறு விஷயம். பெரும்பாலும் உவர். எங்கள் கிணறு நல்ல தண்ணி. பாக்கியத்தின் தாய்வழி வந்த பங்குக் கிணறு அது. அக்காவுக்கும் தம்பிக்கும் சரிபாதி. எங்கள் ஒழுங்கை, இந்தச் சின்னத் தெரு முழுவதும் அதில்தான் குடிக்கிறது. ஊர்காவற்றுறைக் கரையில் இருந்து சவிரிமுத்து கூட சைக்கிளில் இரண்டு தண்ணிக் கான் கட்டிக்கொண்டு வருவான். நாற்பது வருஷம் கடலில் வலை இழுத்த கை. "தண்ணிக்கு மேல சீவிச்சனான் அண்ணை, குடிக்கத் தண்ணி தேடி உங்கட ஒழுங்கைக்கு வாறன்" என்று ஒவ்வொரு தரமும் சொல்லுவான். ஒவ்வொரு தரமும் தானே சிரிப்பான்.

அந்தக் கிணற்றில் நல்ல தண்ணி ஒரு மெல்லிய படையாகத்தான் கிடக்கிறது. மழைத் தண்ணி மேலே, கடல் கீழே. நிதானமாக அள்ளினால் குடிக்கலாம். அவசரப்பட்டு இறைத்தால் கீழே இருக்கிறது மேலே வந்துவிடும்.

அதனால் கிணத்தடிக்கு என்று சட்டம் உண்டு. சவுக்காரம் போட்டுக் குளிக்கக் கூடாது. செருப்புக் கூடாது. தோட்டத்து மருந்துக் கான் கிணற்றுக் கட்டுக்குப் பக்கத்திலும் வரக்கூடாது. இதை எழுதி ஒட்டவில்லை. பாக்கியத்தின் வாய் போதும்.

கிணற்றைச் சுற்றி நாலு தென்னை. சண்டையில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது அந்த இடத்தில் நிழல் என்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. பாக்கியம் நாலு கன்று நட்டாள். வாளியில் இருந்து சிந்துகிற தண்ணியில் வளர்ந்த மரங்கள். அதனாலோ என்னவோ நாலும் கிணற்றை எட்டிப் பார்க்கிற மாதிரிச் சரிந்து நிற்கும்.

போன கோடை தொடங்கின காலம். ஒரு விடியல் சவிரி கப்பிக் கயிற்றைப் பிடித்தவன், கையை விட்டுவிட்டு விரலை முகர்ந்து பார்த்தான்.

"அண்ணை, கயித்திலை ஆரும் சீனிப்பாணி பூசினவையோ?"

நானும் பிடித்துப் பார்த்தேன். கயிறு ஒட்டியது. கட்டும் ஒட்டியது. மரத்துக்குக் கீழ் நின்ற வாழையின் இலையெல்லாம் எண்ணெய் தடவின மாதிரி மினுங்கியது. எறும்பு வரிசை வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது. விரலை நாக்கில் வைத்தேன். இனிப்பு.

கொஞ்ச நாளில் மினுக்கம் கறுத்தது. ஓலை, வாழை, கட்டு, கொடியில் காயப்போட்ட வேட்டி எல்லாவற்றிலும் அடுப்புக்கரி மாதிரி ஒரு படை. கொக்கத்தடியால் ஒரு ஓலையை இழுத்துத் திருப்பினேன். அடிப்பக்கத்தில் வெள்ளை மாவால் வட்டம் வட்டமாகக் கோலம் போட்ட மாதிரி இருந்தது. தட்டினேன். கோலம் பறந்து என் முகத்தில் அடித்தது. வெள்ளை ஈ. அரிசிக் குறுநொய் அளவு. சாறு குடிக்கிறது அதன் வேலை. குடித்தது போக மிச்சத்தைப் பாணியாகக் கீழே விடும். அந்தப் பாணியில் வளர்கிற பூஞ்சணம்தான் கறுப்பு.

கறுப்பு கிணற்றுக்குள்ளும் விழத் தொடங்கியது. பெண்கள் வாளித் தண்ணியைச் சீலைத் துண்டால் வடித்துக்கொண்டு போனார்கள்.

"பாக்கியம் அக்கா, சின்னதுகளுக்கு உதைக் குடுக்கலாமோ?" என்று ஒருத்தி கேட்டாள். பாக்கியத்தின் முகம் சுருங்கிப் போனது. அந்தத் தண்ணியைப் பற்றி அப்படி ஒரு கேள்வி அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

சாம்பலும் மழையும்

எனக்குப் பூச்சி புதிது இல்லை. பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டுவிட்டு நான் படித்ததெல்லாம் ஐயாவின் புகையிலைத் தோட்டத்தில்தான். புகையிலையில் அழுக்கணவன் பிடிக்கும். பச்சைப் பேன் மாதிரி, குருத்தின் அடியில் அப்பிக் கிடக்கும். இந்த வெள்ளை ஈயும் அந்த இனம்தான், ஒன்றுவிட்ட சகோதரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே சாறு குடிப்பு, அதே பாணி, அதே கறுப்பு.

எறும்பு அழுக்கணவனை மாடு மாதிரி வளர்க்கும். தடவிக் கொடுத்துப் பாணி கறக்கும். சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளி வைத்த சின்ன வண்டு ஒன்று அழுக்கணவனைத் தின்ன வரும். எறும்பு அதைக் கடித்துக் கலைக்கும். நான் வரம்பில் குந்தி இருந்து இந்தச் சண்டையைப் பார்த்துக்கொண்டே தண்ணி இறைப்பை மறந்துவிடுவேன். ஐயா மண்ணாங்கட்டியால் எறிவார். குறி பார்த்துத்தான் எறிவார், படாத மாதிரி.

ஐயா பனி காயும் முன் சாம்பல் தூவுவார். ஒரு நாள் விடாமல். பக்கத்துத் தோட்டக்காரர் ஒன்றும் தூவமாட்டார். வெற்றிலை போட்டுக்கொண்டு ஐயாவைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கடைசியில் மழை வரும், இரண்டு தோட்டத்திலும் அழுக்கணவன் போய்விடும். ஐயா சாம்பல் என்பார். அவர் மழை என்பார். வண்டைப் பற்றி இரண்டு பேரும் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

நான் ஐயாவின் பிள்ளை. சும்மா இருக்க ஏலாத சாதி. கிணத்தடி மரங்களுக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று உள்ளங்கை அரித்தது. சவுக்காரத் தண்ணி அடிக்கலாம் என்று ஊரில் பேச்சு. ஒரு வாளியில் கலக்கியும் விட்டேன்.

"அந்த வாளியோட கிணத்தடிக்குப் போனியளோ," என்றாள் பாக்கியம், "நீங்கள் திரும்பி வாறதுக்கு வீட்டிலை கதவு இராது."

வாளியை வேலியோரம் ஊற்றினேன். புகை போடலாமோ என்றேன். புகையும் கரிதான் என்றாள். அதற்குப் பிறகு எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்துக்கு ஒரு அலுவலும் இல்லாமல் பஸ் ஏறினேன். போகிற வழி முழுவதும் தலையை வெளியே நீட்டி, தென்னந்தலைகளைப் பார்த்துக்கொண்டே போனேன். எல்லாம் கறுப்பு. மண்டைதீவிலும் கறுப்பு. பக்கத்தில் இருந்தவர், "அண்ணை, ஆரையும் தேடுறியளோ?" என்று கேட்டார். "ஓம், ஒரு பச்சை மரத்தை" என்றேன். அவர் எழும்பி வேறு இருக்கைக்குப் போனார்.

கடல் மரத்தில் ஏறின கதை

தங்கராசாவுக்கு வேலிக்கு அங்காலே ஒரு முழுத் தோப்பு. கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்து இளைப்பாறினவன். எதையும் ஒழுங்காகச் செய்வான், அதைவிட ஒழுங்காக வாதாடுவான். தினமும் காலையில் கானோடு கிணத்தடிக்கு வந்து, குசினிப் படியில் இருந்து அக்காவின் கையால் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் தண்ணி அள்ளுவான். கல்யாணத்துக்கு முன் தொடங்கின பழக்கம்.

ஒரு காலை தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னான்:

"அத்தான், உதுக்குத் தண்ணியாலை அடிச்சுக் கழுவிறதுதான் வழி. ஆனா நல்ல தண்ணிக்கு எங்கை போறது? நான் கடல் தண்ணி அடிக்கப் போறன்."

"விசரோ உமக்கு? ஓலை கருகிடும்."

"ஏன் கருகுது? தென்னை நடேக்கை கிடங்குக்கை உப்புப் போடேல்லையா நாங்கள்? கடற்கரையிலை தென்னை நிக்கேல்லையா?"

உப்புப் போட்டது உண்மை. தென்னை கடற்கரையில் நிற்பதும் உண்மை. தீவான் எவனும் அந்த இடத்தில் மடக்கப்பட்டுத்தான் போவான்.

உழவு ரக்ரரில் தண்ணித் தாங்கி ஏற்றி, பம்பு பூட்டி, கடலைக் கொண்டுவந்து மரத்தில் ஏற்றினான். நான் வேலிக்கு இங்காலே நின்று பார்த்தேன். வெள்ளை ஈ பொரி மாதிரிக் கொட்டியது. கறுப்புக் கழன்று ஓடியது. சாயந்தரம் அவனுடைய தோப்புப் பச்சையாக மினுங்கியது. எங்கள் நாலு மரமும் கரிச்சட்டி கவிழ்த்த மாதிரி நின்றது. அந்த எரிச்சலில் அன்று கறியில் உப்பில்லை என்று பாக்கியத்திடம் சத்தம் போட்டேன்.

ஈ திரும்பி வந்தது. அவன் திரும்பி அடித்தான். வர வர அடித்தான். நாலைந்து தரத்துக்குப் பிறகு, ஓலை நுனி மண்ணிறமானது. பிறகு ஓலை ஓலையாகக் காய்ந்தது. கீழே நின்ற வாழையும் கத்தரியும் பட்டுப்போயின. மிஞ்சின பச்சைக் குருத்தில் வெள்ளை ஈ, முந்தியதை விடத் தடிப்பாக, கோலம் போட்டுக்கொண்டு இருந்தது.

அந்தக் காலை அவன் தேத்தண்ணியை வாங்கவில்லை. நின்றபடியே சொன்னான்.

"அக்கா, உங்கட நாலு மரத்திலை இருந்துதான் என்ர தோப்புக்கு வருது. நான் கழுவிக் கழுவி ஏன் செத்தனான்? கிணறும் நாசமாப் போகுது. அதிலை எனக்கும் பாதி. வாற முழுநிலாப் பறுவம் லீவு நாள், அண்டைக்கு மெசின் வாள்காரன் வருவான். நாலையும் விழுத்துவம்."

பாக்கியம் ஏதாவது கத்துவாள் என்று பார்த்தேன். அவள் அவனுடைய கோப்பையை எடுத்து, மூடி வைத்தாள்.

"கிணறு பழுதாப் போகுது எண்டால் நான் மறிக்கேல்ல. பறுவம் வரைக்கும் பாப்பம்."

கந்தோர்ப் பிள்ளை

இதற்கிடையில் விவசாயக் கந்தோரில் உத்தியோகம் பார்க்கிற ஒரு பெண்பிள்ளை ஒழுங்கைக்கு வந்தது. ஸ்கூட்டர், தலைக்கவசம், தோள்பை. நான் அவளை மறித்து இழுத்துக்கொண்டு வந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். கட்டுக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். அதிலேயே பாக்கியத்துக்கு அவளைப் பிடித்துவிட்டது.

ஓலையைத் திருப்பி, ஒரு சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து அதிக நேரம் பார்த்தாள். என்னால் நிற்க முடியவில்லை.

"என்ன பிள்ளை, மரம் தப்புமோ?"

"பொறுங்கோ ஐயா. இதுக்கு என்ன மருந்து அடிச்சனீங்கள்?"

"ஒண்டும் அடிக்கேல்ல. இவ விடேல்ல."

"நல்ல வேலை. இஞ்சை பாருங்கோ."

கண்ணாடிக்குள் பார்த்தேன். வெள்ளைக் குஞ்சுகளுக்கு நடுவில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கறுப்புக் குஞ்சு. ஒன்றின் முதுகில் ஊசியால் குத்தின மாதிரி வட்டமாக ஒரு ஓட்டை.

"கறுப்பா இருக்கிற குஞ்சு எல்லாம் செத்தது ஐயா. ஒரு சின்னக் குளவி இருக்கு, கண்ணுக்குத் தெரியாது. அது இதுக்குள்ளை முட்டை போடும். குளவிக் குஞ்சு உள்ளுக்கை இருந்து தின்னுட்டு, உந்த ஓட்டையாலை வெளிய வரும்."

அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. சில நாளாக ஓலையில் குப்பைத் துணிக்கை ஒன்று நடந்து திரிவதைக் கண்டிருந்தேன். கண் பழுதாகிவிட்டது என்று நினைத்து ஒருவருக்கும் சொல்லவில்லை. அவளிடம் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது.

"அது பூச்சிதான் ஐயா! முதுகிலை குப்பையைச் சுமந்துகொண்டு திரியும். ஈக்குஞ்சைத் தின்னும். ஒண்டும் செய்யாதேங்கோ, அது எங்கட ஆள்."

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"ஒண்டும் செய்யாதேங்கோ. விழுற ஓலையைக் கொளுத்தவும் வேண்டாம். கறுப்புக் குஞ்சு நிறைய உள்ள ஓலை இருந்தால், கறுப்புக் குஞ்சு இல்லாத மரத்திலை கொண்டுபோய்க் கட்டுங்கோ. குளவி அங்கை போகும். பொறுமையா இருந்தால் சரி."

பாக்கியம் சிரித்தேவிட்டாள். "பிள்ளை, இவரை மரத்திலை ஏறச் சொல்லும், கடல்லை இறங்கச் சொல்லும். பொறுமையா இருக்க மட்டும் சொல்லாதையும்."

தங்கராசாவுக்கும் காட்ட வேண்டும் என்று வேலியால் கூப்பிட்டேன். வந்தான். எட்ட நின்று கேட்டான். "குளவியை விட்டால் மனிசரையும் குத்தும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பறுவம் வரைக்கும் நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். காலையும் மாலையும் ஏணி வைத்து ஏறுவேன். பாக்கியத்தின் மூக்குக் கண்ணாடிதான் என்னுடைய உருப்பெருக்கி. ஒரு நாள் கறுப்புக் குஞ்சு கூடின மாதிரி இருக்கும். அடுத்த நாள் வெள்ளை கூடின மாதிரி இருக்கும்.

"இஞ்சேருங்கோ, கண்ணாடியைத் தாங்கோ. நான் அரிசி பாக்க வேணும்."

"கறுப்புக் கூடியிருக்குப் பாக்கியம்."

"நேற்றும் உதைத்தான் சொன்னீங்கள். முந்தநாள் குறைஞ்சிட்டுது எண்டு சோறு தின்னேல்ல."

ஆனால் நான் இறங்கிப் போன பிறகு அவளும் ஏணியில் இரண்டு படி ஏறி நிற்பதை ஒருநாள் கண்டேன்.

பறுவத்தன்று

வாள்காரன் விடியவே வந்துவிட்டான். தங்கராசா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றான். ஒழுங்கைப் பெண்கள் குடமும் கானுமாக நின்றார்கள். சவிரியும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்தான்.

நான் தாழப் பதிந்து நின்ற ஓலை ஒன்றை வெட்டி இறக்கினேன். திருப்பிக் காட்டினேன். அடியில் இருந்த குஞ்சுகளில் பாதிக்கு மேல் கறுப்பு.

"மச்சான், வடிவா உத்துப் பாரும். கறுப்பு எல்லாம் செத்தது."

தங்கராசா குனிந்து பார்த்தான். "கறுப்பெண்டால் என்ன, வெள்ளையெண்டால் என்ன அத்தான், எல்லாம் ஊத்தை." வாள்காரனைப் பார்த்தான். "நீ தொடங்கு தம்பி."

வாள்காரன் நாலு மரத்தையும் சுற்றி வந்தான். கிணற்றை எட்டிப் பார்த்தான். காதைச் சொறிந்தான்.

"வெட்டலாம் ஐயா. ஆனா மரம் சரிஞ்சு நிக்கிற சரிவுக்கு, கயிறு போட்டு இழுத்தாலும் தலை கிணத்துக்கைதான் போகும். கரி, தூள் எல்லாம் உள்ளுக்கை."

"விழட்டும். பம்பு வைச்சு ஒருக்கா அடியோடை இறைச்சு விடுவம்" என்றான் தங்கராசா.

அந்தச் சொல் விழுந்ததும் பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வாய் திறந்தார்கள். "இந்தக் கோடையிலை இறைக்கிறதோ?" "உவர் ஏறினால் பேந்து ஆர் இறக்கிறது?" "நாங்கள் எங்கை போறது?" தங்கராசா கையைத் தூக்கினான், ஏதோ சொன்னான், ஒருவருக்கும் கேட்கவில்லை. அந்தச் சத்தம் தணிகிற இடைவெளியில்தான் சவிரி, மெல்ல, சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டு கேட்டான்:

"தம்பி தங்கராசா, கடலை மரத்திலை ஏத்தினீர். இப்ப கிணத்துக்கையும் இறக்கப் போறீரோ?"

சிரிப்பு ஒழுங்கையின் கடைசி வரைக்கும் கேட்டிருக்கும். வாள்காரன்கூடச் சிரித்தான். சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒன்று தங்கராசா. மற்றது பாக்கியம். தம்பியின் காது சிவந்ததை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தங்கராசா வேலிப் படலையைத் திறந்துகொண்டு போனான். கானைக்கூட எடுக்கவில்லை.

இரண்டு தேத்தண்ணி

மரம் தப்பியது. தம்பி போய்விட்டான்.

அடுத்த நாள் அவன் தண்ணிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் அவன் படலையில் தண்ணிப் பவுசர் லொறி நின்றது. சொந்தக் கிணற்றில் பாதிப் பங்கை வைத்துக்கொண்டு, ரோட்டில் நின்று பவுசர்த் தண்ணி பிடித்தான். நான் ரோட்டில் மறித்து, "மச்சான், ஒருக்கா நில்லும்" என்றேன். மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு போனான்.

பாக்கியம் காலையில் பழக்கத்தில் இரண்டு கோப்பை ஊற்றுவாள். ஒன்று எனக்கு. மற்றது குசினிப் படியில் ஆறிக் கிடக்கும். பிறகு அதையும் என்னிடம் தருவாள். அந்த நாட்களில் நான் இரண்டு தேத்தண்ணி குடித்தேன். மறுக்கப் பயம்.

கிணத்தடி மரங்களில் கறுப்புக் குஞ்சு கூடிக்கொண்டே போனது. இந்த முறை கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. புதுக் குருத்துப் பச்சையாக வந்தது. தங்கராசாவின் தோப்போ நாளுக்கு நாள் ஒடுங்கியது. அவனுடைய மரத்தில் குளவி இல்லை. நடக்கிற குப்பை இல்லை. இருந்ததையெல்லாம் கடல் கழுவிவிட்டது. ஈ மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டே இருந்தது.

"அங்கை ஒரு ஓலை கொண்டுபோய்க் கட்டினாலே போதும்," என்றாள் பாக்கியம் ஒரு காலை, வேலியைப் பார்த்தபடி. "அந்தப் பிள்ளை சொன்னது."

"அவன் படலை திறக்கமாட்டான்."

"படலை ஆருக்கு வேணும்?"

தன் பழைய சிவப்புச் சீலையில் ஒரு கீலம் கிழித்தாள். கறுப்புக் குஞ்சு நிறைந்த ஓலையாகப் பார்த்து என்னை வெட்டச் சொன்னாள். மரத்தில் கட்ட வசதியாக இருக்கட்டும் என்று கீலத்தை மட்டையில் முடிந்தாள். வேலிக்கு மேலால் எறிந்தாள். வாழ்நாள் முழுவதும் விழுந்த ஓலையை வெயில் ஏறுமுன் கூட்டிக் கொளுத்தினவள் அவள்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். என் சாரத்தில் தேத்தண்ணி.

ஓலை போகும், வரும். வாடிப்போனால் புதிதாக ஒன்று வெட்டச் சொல்லுவாள். ஒழுங்கைக்குள் கதை பரவிவிட்டது. அக்காவும் தம்பியும் குப்பை எறிந்து சண்டை என்று பேசினார்கள். சவிரி வந்து, "அண்ணை, என்ர வாய்தான் எல்லாத்துக்கும் காரணம். நான் போய் மன்னிப்புக் கேக்கட்டோ?" என்றான். பாக்கியம், "நீங்கள் இனி வாயைத் திறக்கவே வேண்டாம், தண்ணியை அள்ளிக்கொண்டு போங்கோ" என்றாள்.

"வேலியிலை நிண்டு விளக்கமாச் சொல்லன்" என்றேன் அவளிடம். "குளவி, ஓட்டை, எல்லாம்."

"அவன் தாயின்ரை வயித்திலை இருக்கேக்கையே ஆரின்ரை சொல்லும் கேட்டவனில்லை. கண்ணாலை கண்டால்தான் நம்புவான்."

"அவன் பாக்காமலே எறியிறான்."

"ஒரு நாள் பாப்பான்."

ஒரு காலை எறிந்தாள். நான் காலை மடக்கிக்கொண்டு, கோப்பையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஓலை வரவில்லை. தேத்தண்ணி முடிந்தது. வரவில்லை. எழும்பினேன், இருந்தேன், திரும்ப எழும்பினேன். வேலிப் பொட்டு ஓட்டை ஒன்றுக்குள் கண்ணை வைத்தேன்.

தங்கராசா ஓலையை மடியில் கிடத்திக்கொண்டு நிலத்தில் குந்தியிருந்தான். மூக்கு நுனியில் கண்ணாடி. ஒரு ஈர்க்கு நுனியால் ஓலையின் அடியைக் கிண்டிக் கிண்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழும்பி, சுற்றும் முற்றும் பார்த்தான். நான் தலையை இழுத்துக்கொண்டேன். திரும்பப் பார்த்தபோது, கருகின மரம் ஒன்றின் உச்சி வட்டில், ஏணியில் நின்று, அந்தச் சிவப்புக் கீலத்தால் ஓலையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். இரண்டு முடிச்சுப் போட்டான்.

ஓடிப்போய்ப் பாக்கியத்திடம் சொன்னேன். அவள் அரிசி கொழித்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த நாள் விடிய அவள் எனக்கு ஒரு கோப்பைதான் தந்தாள்.

"மற்றது?"

"அது உங்களுக்கில்லை."

மற்றக் கோப்பை கிணற்றுக் கட்டின் மேல் இருந்தது. மேலே சின்னத் தட்டம் மூடி, தட்டத்தில் ஒரு துண்டுப் பனங்கட்டி. அவன் மறந்துவிட்டுப் போன கான், கழுவிக் கவிழ்த்து, பக்கத்தில்.

கிணற்றுக்கு முதுகு காட்டிக் கதிரையில் இருந்தேன். காகம் கத்தியது. கோயில் மணி கேட்டது. கால் தன்பாட்டுக்கு ஆடத் தொடங்கியது. படலை திறக்கிற சத்தமா, காற்றா என்று தெரியவில்லை. குசினி வாசலில் பாக்கியம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவளும் திரும்பவில்லை.

பிறகு கோப்பை மூடின தட்டத்தை எடுத்து வைக்கிற சத்தம். அதற்குப் பிறகு கப்பி கிறீச்சிட்டது. கயிறு எங்கும் ஒட்டாமல், ஒரே ஓட்டமாக, கீழே போகிற சத்தம்.

நான் எழும்பவில்லை.